இழுப்பது வேறு, அடக்குவது வேறு: மூடிய கார் டிரெய்லரும் பிக்கப்பும்

மூடிய கார் டிரெய்லர், அதாவது காரை உள்ளே ஏற்றிப் பிக்கப்பின் பின்னால் இழுத்துப் போகும் பெட்டி வண்டி, வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "என் பிக்கப் இதை இழுக்குமா?" இழுக்கும். இன்றைய பிக்கப் என்ஜின்களுக்கு மூன்று, நான்கு டன் பெரிய விஷயமில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பின்னால் வருவது ஆடத் தொடங்கினால் இந்த பிக்கப் அதை அடக்குமா? நீண்ட இறக்கத்தில் இரண்டும் சேர்ந்து, நிற்க வேண்டிய இடத்தில் நிற்குமா? இழுக்கும் திறனை என்ஜின் தருகிறது. அடக்கும் திறன் என்பது சுமை எங்கே உட்கார்ந்திருக்கிறது, பின் ஆக்சில் எவ்வளவு தாங்கும், டிரெய்லரின் பிரேக் எப்படிப் பிடிக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்ற பல விஷயங்களில் சிதறிக் கிடக்கிறது. அதனால்தான் விளம்பரத்தில் அதற்கென்று ஓர் எண் கிடையாது.

திறந்த டிரெய்லரில் அதே காரை ஏற்றிப் போய்ப் பழகியவர்கள்கூட மூடிய டிரெய்லரைக் குறைத்து எடை போட்டுவிடுகிறார்கள். முதல் வித்தியாசம் அதன் சொந்த எடை. 24 அடி மூடிய டிரெய்லர் காலியாகவே 1,600 முதல் 2,000 கிலோ வரை இருக்கும். இரண்டாவது, உள்ளே இடம் இருப்பதால் பொருள் சேர்ந்துகொண்டே போகும்: கருவிப் பெட்டி, உபரி டயர்கள், ஜாக்கி, எரிபொருள் கேன், சுவரில் அடித்த அலமாரி. மூன்றாவதும் பெரியதும் காற்று. எட்டரை அடி அகலமும் ஏழு அடி உயரமும் உள்ள பெட்டியின் முகப்பு கிட்டத்தட்ட 60 சதுர அடி. பல பிக்கப் கையேடுகள் டிரெய்லரின் முகப்புப் பரப்புக்குத் தனியாக உச்சவரம்பு சொல்கின்றன. சில பிக்கப்களுக்கு அது இதே 60 சதுர அடிதான். இழுவைக்கான பொருத்தங்கள் இல்லாத வண்டிகளுக்கு அதைவிடக் கணிசமாகக் குறைவு. எடையைப் பார்த்துத் திருப்திப்பட்டு வாங்கியவர்கள் இந்த வரியைப் படித்திருப்பதில்லை.

காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 120க்குப் போனால் எதிர்க்கும் விசை 1.44 மடங்காகும். அதைத் தாண்ட என்ஜின் தர வேண்டிய திறன் 1.7 மடங்குக்கு மேல். எரிபொருள் கணக்கு அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் எரிபொருளைவிடக் கவலைப்பட வேண்டியது பக்கவாட்டுக் காற்று. 24 அடி நீளம், ஏழு அடி உயரம் என்றால் ஒரு பக்கச் சுவர் ஏறத்தாழ 15.6 சதுர மீட்டர். 60 கிலோமீட்டர் வேகக் காற்று அதன் மேல் நேர்க்குத்தாக அடித்தால் சுமார் 250 கிலோ எடைக்குச் சமமான தள்ளல் பக்கவாட்டில் விழும். காற்று ஒரே சீராக அடித்தால் கைக்குப் பழகிவிடும். பாலத்தின் மேலோ மலை இடைவெளியிலோ அது விட்டு விட்டு அடிக்கும்போதுதான் சோதனை.

விளம்பரத்து எண்ணும் கதவோரத்து எண்ணும்

இழுவைத் திறன் என்று நிறுவனங்கள் சொல்லும் எண்ணுக்கு ஒரு காலத்தில் பொதுவான அளவுகோலே இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் முறையில் சொன்னார்கள். அமெரிக்காவிலிருந்து இயங்கும் வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇ 2008இல் ஜே2807 என்ற சோதனை முறையை வெளியிட்டது. அரிசோனாவின் டேவிஸ் அணைச் சாலையைப் போன்ற நீண்ட ஏற்றத்தில், கடும் வெயிலில், ஏசியை முழு வீச்சில் ஓடவிட்டு, குறிப்பிட்ட வேகத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. நிறுத்துவதற்கும் நிலைத்தன்மைக்கும் தனிச் சோதனைகள் உண்டு. நல்ல அளவுகோல்தான். ஆனால் அதன் அனுமானங்களைக் கவனியுங்கள்: வண்டிக்குள் ஓட்டுநரும் இன்னொருவரும் மட்டும், ஆளுக்கு 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. பின்தொட்டியில் வேறு சாமான் கிடையாது. குடும்பத்தோடும் பெட்டி படுக்கையோடும் கிளம்புகிறவருக்கு அந்த எண் பொருந்தாது.

நமக்கு உண்மையில் பொருந்தும் எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சிறு தாளில் இருக்கிறது. ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று அது சொல்லும். டிரெய்லரின் முன்மூக்கு, பிக்கப்பின் பின்னால் உருண்டைப் பந்தோடு இருக்கும் இணைப்பான ஹிட்ச் மேல் அழுத்தும் சுமையும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. அதை மூக்குச் சுமை என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிரெய்லர் காலியாக 1,900 கிலோ, கார் 1,500, கருவிகளும் டயர்களும் 200. மொத்தம் 3,600. மூக்குச் சுமை 12 சதவீதம் என்றால் 430 கிலோவுக்குச் சற்று மேல். அரை டன் வகை என்று சொல்லப்படும் (அது வெறும் வகைப்பெயர், உண்மையில் தாங்கும் அளவல்ல) பிக்கப்பின் கதவோர எண் 750 கிலோ என்று கொள்வோம். நான்கு பேர் 300 கிலோ, தொட்டியில் சாமான் 100, ஹிட்ச் கருவி 45, மூக்குச் சுமை 430. கூட்டினால் 875. வரம்பைத் தாண்டி 125 கிலோ. இதே பிக்கப்பின் விளம்பரம் 5,000 கிலோ இழுக்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கும். என்ஜின் தோற்பதற்கு வெகு முன்பே பின் ஸ்பிரிங், பின் டயர், பின் ஆக்சில் தோற்றுவிடும். முக்கால் டன், ஒரு டன் வகைகளுக்கு ஆட்கள் மாறுவது பெரும்பாலும் இழுவிசைக்காக அல்ல, இந்த இடைவெளிக்காக.

டிரெய்லரிலும் இப்படி ஒரு வலை விரித்திருக்கிறது. வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு 24 அடி டிரெய்லர்களில் ஒன்று 3,500 பவுண்டு ஆக்சில் இரண்டு கொண்டதாக இருக்கலாம், மற்றது 5,200 பவுண்டு ஆக்சில் இரண்டு கொண்டதாக இருக்கலாம். முதலாவதன் மொத்த அனுமதி எடை வழக்கமாக 7,000 பவுண்டு, அதாவது 3,175 கிலோ. அதன் காலி எடை 1,700 என்றால் உள்ளே போக மிச்சம் 1,475. மேலே சொன்ன 1,500 கிலோ கார் மட்டுமே அந்த வரம்பைத் தாண்டிவிடும், ஒரு ஸ்பேனர்கூட ஏற்றாமலே. விலை குறைவு என்று இதை வாங்கி, இரண்டு கோடைகளுக்குள் டயர் வெடித்து நிற்பவர்களைப் பார்த்தால் மனம் வேதனைப்படுகிறது. விற்பவர் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது.

முன்பாரமும் பின்பாரமும்

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் மையம். ஓடும் டிரெய்லர் என்பது முன்முனையில் கட்டப்பட்டுக் கிடைமட்டத்தில் தொங்கும் ஊசல். காற்றோ, பள்ளமோ, திடீர் திருப்பமோ அதைத் தட்டினால் பக்கவாட்டில் அலையும். மிதமான வேகத்தில் டயர்களின் பிடி அந்த அலைவை ஓரிரு ஆட்டங்களில் விழுங்கிவிடும். வேகம் கூடக் கூட விழுங்கும் திறன் குறைகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். அந்த எல்லை வேகம் எங்கே இருக்கிறது என்பது டிரெய்லருக்கு டிரெய்லர், சுமைக்குச் சுமை மாறும். அதை நிர்ணயிப்பவற்றில் முதலிடம் பாரம் வைத்த இடத்துக்குத்தான்.

முன்பாரம் போதுமான அளவு இருந்தால் எல்லை வேகம் உயர்ந்து, நாம் ஓட்டும் வேகத்துக்கு வெகு மேலே போய்விடும். பின்பாரம் ஆனால் அது கீழே இறங்கி வந்து, சாதாரண நெடுஞ்சாலை வேகத்திலேயே காத்திருக்கும். வட அமெரிக்க வகை டிரெய்லர்களுக்கு மூக்குச் சுமை மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் என்ற விதி இதிலிருந்துதான் வருகிறது. ஐரோப்பாவில் அதைவிடக் குறைந்த சதவீதத்தில் இழுக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே பல நாடுகளில் டிரெய்லருக்கான வேக வரம்பே 80 முதல் 100 கிலோமீட்டர். அந்தச் சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதைவிட அதிக வேகத்தில் ஓட்டக் கூடாது.

மூடிய கார் டிரெய்லரில் ஆக்சில் இருக்கும் இடத்தை மாற்ற முடியாது, காரை நகர்த்தலாம். ஹிட்ச் பந்திலிருந்து ஆக்சில்களின் நடுப்புள்ளி வரை ஐந்தரை மீட்டர் என்று கொண்டால், 1,500 கிலோ காரை வெறும் 30 சென்டிமீட்டர் பின்னால் தள்ளினாலே மூக்குச் சுமை 80 கிலோ குறையும். 430 இருந்தது 350 ஆகும். 12 சதவீதமாக இருந்தது 10க்குக் கீழே போய்விடும். ஒரு முழம்கூட இல்லாத தூரம் இது. அதனால் சரியான இடத்தைக் கண்டுபிடித்ததும் தரையில் பெயின்டால் கோடு போட்டு, சக்கரக் கட்டையை அங்கேயே போல்ட் அடித்து வைத்துவிடுவது நல்லது. கார் மாறினால் கோடும் மாறும். முன்னால் என்ஜின் உள்ள காரை முகத்தை முன்னே வைத்து ஏற்றினால் முன்பாரம் தானாக வரும். என்ஜின் நடுவிலோ பின்னாலோ உள்ள காரைப் பின்புறமாக ஏற்ற வேண்டியிருக்கும், இல்லையென்றால் இன்னும் முன்னே தள்ள வேண்டியிருக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. பின்பாரம் கூடிவிட்டது என்று முன்சுவரோரம் கனமான பொருளை வைத்துச் சமன் செய்வார்கள். மூக்குச் சுமை சரியாகிவிடும், ஆனால் இப்போது இரு முனையிலும் கனம். சுழலும் பொருளை அடக்குவது எவ்வளவு கடினம் என்பது எடை நடுவிலிருந்து விலகி நிற்கும் தூரத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு தள்ளி வைத்த டயர் அடுக்கு அலைவுக்கு நான்கு மடங்கு தூண்டுகோல். ஆகவே கனமான எதையும் ஆக்சிலுக்கு அருகிலோ சற்று முன்னாலோ தாழ்வாக வைப்பதுதான் முறை. பின்கதவுக்குப் பக்கத்தில் அலமாரி அடிப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன்.

கண்ணால் பார்த்து இதையெல்லாம் தீர்மானிக்க முடியாது. எடை மேடைக்குப் போக வேண்டும். பிக்கப்பைத் தனியாக ஒருமுறை நிறுத்துங்கள். பிறகு டிரெய்லரைக் கோத்து, பிக்கப்பின் சக்கரங்கள் மட்டும் மேடை மேல் இருக்கும்படி இன்னொருமுறை. தனியாக 2,600 கிலோ இருந்தது கோத்தபின் 3,030 காட்டினால் மூக்குச் சுமை 430. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் தனித்தனியாக எடை எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. முன்சக்கரங்கள் எவ்வளவு லேசாகின்றன என்பது அதில்தான் தெரியும்.

முன்சக்கரம் லேசாவது அற்ப விஷயமல்ல. பந்து பின் ஆக்சிலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால், அங்கே 430 கிலோ அழுத்தினால் பின் ஆக்சிலில் அதைவிட அதிகம் ஏறும், முன் ஆக்சில் சற்றே தூக்கப்படும். ஸ்டியரிங் பிடியும் முன் பிரேக்கின் பிடியும் குறையும். இதைச் சரிசெய்யவே எடை பகிரும் ஹிட்ச் இருக்கிறது. அதன் இரு ஸ்பிரிங் தண்டுகள் இணைப்பை இறுக்கமாக நெம்பி, பின் ஆக்சிலில் ஏறிய சுமையில் ஒரு பங்கை முன் ஆக்சிலுக்கும் டிரெய்லரின் ஆக்சில்களுக்கும் திருப்பி அனுப்புகின்றன. எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதைப் பிக்கப்பின் கையேடு சொல்லும். முன்சக்கர வளைவின் உயரத்தைக் கோப்பதற்கு முன்னும் பின்னும் அளந்தே சரிபார்த்துவிடலாம். ஹிட்ச் ரிசீவரின், அதாவது ஹிட்சைச் செருகும் பிக்கப்பின் பின்புறக் குழாயின், ஒட்டுத்தாளில் இரண்டு வரம்புகள் இருப்பதையும் பாருங்கள். எடை பகிரும் ஹிட்ச் இல்லாமல் இவ்வளவு, அதோடு இவ்வளவு என்று. முதல் எண் பல நேரங்களில் ஆச்சரியப்படும் அளவுக்குச் சிறியது. பின்பாரமாக ஏற்றிய டிரெய்லரை மட்டும் இந்தக் கருவி காப்பாற்றாது.

பிக்கப்பின் மின்னணு அலைவுக் கட்டுப்பாடும் அப்படித்தான். வண்டியின் உடல் மாறி மாறித் திரும்புவதை உணர்ந்து தனித்தனிச் சக்கரங்களில் பிரேக் கொடுத்து, என்ஜின் திறனைக் குறைக்கும். கடைசி அரணாக அது இருக்கட்டும்.

ஆடத் தொடங்கிவிட்டால்

கை பதறிச் செய்யும் மூன்று காரியங்களும் தவறானவை. ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கை ஒடித்தால் நம் கை எப்போதும் அரை ஆட்டம் பின்தங்கியே இருக்கும், அலைவுக்கு அது தீனி. பிக்கப்பின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் டிரெய்லர் முன்னால் உள்ளதைத் தள்ளி மடக்கப் பார்க்கும். வேகத்தைக் கூட்டி நேராக்கிவிடலாம் என்பது எல்லை வேகத்தை நோக்கி ஓடுவது.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, டிரெய்லரின் பிரேக்கை இயக்க ஓட்டுநருக்கு எட்டும்படி வைத்திருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியின் கைநெம்புகோலைத் தள்ளுங்கள். டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடிக்கும்போது அது பின்னுக்கு இழுக்கப்பட்டு, இணைப்பு விறைத்து, நேர்கோட்டுக்கு வரும். அந்த நெம்புகோல் எங்கே இருக்கிறது என்பது பார்க்காமலே கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். நின்ற வண்டியில் உட்கார்ந்து அதைத் தொட்டுத் தொட்டுப் பழகுவதை வெட்கப்படாமல் செய்யுங்கள். வேகம் தணிந்து ஆட்டம் அடங்கியதும் ஓரம் கட்டிப் பாரத்தைப் பார்க்க வேண்டும். ஒருமுறை ஆடிய டிரெய்லர் அதே சுமையோடு அதே வேகத்தில் மறுபடியும் ஆடும்.

பெரிய லாரி கடந்து போகும்போது ஏற்படும் இழுப்பு வேறு. அது நெருங்கும்போது தள்ளும் காற்றலை டிரெய்லரின் பின்பகுதியை வெளியே ஒதுக்கும், கடந்து போகும்போது உள்ளே இழுக்கும். கண்ணாடியில் லாரியைப் பார்த்ததும் தடத்துக்குள்ளேயே சற்று விலகி இடம் கொடுத்து, வேகத்தை லேசாகக் குறைத்துக்கொண்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

இணைப்பும் பிரேக்கும்

கார் டிரெய்லர்களில் இரண்டு அளவுப் பந்துகள் புழங்குகின்றன: 2 அங்குலம், 2 5/16 அங்குலம். பெரிய அளவுக்கான கப்ளர் (பந்தின் மேல் கவிந்து பூட்டும் டிரெய்லர் மூக்கின் கிண்ணம்), சின்னப் பந்தின் மேலும் உட்கார்ந்து பூட்டிக்கொண்டது போலத் தோன்றும். முதல் பெரிய மேட்டில் கழன்றுவிடும். பூட்டியபின் முன் ஜாக்கியைச் சுற்றி மேலே ஏற்றுங்கள். பிக்கப்பின் பின்புறமும் சேர்ந்து சில சென்டிமீட்டர் உயர்ந்தால் கோப்பு உண்மையானது. பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்குக் கீழே குறுக்காக மாட்டுவது, இணைப்பு விட்டாலும் மூக்கு தரையில் குத்தாமல் ஏந்திக்கொள்வதற்கு. டிரெய்லர் கழன்றால் தானே பிரேக் பிடிக்க வைக்கும் அவசரக் கம்பியைச் சங்கிலியிலோ கழற்றக்கூடிய பந்துத் தண்டிலோ மாட்டாமல் பிக்கப்பின் நிலையான பாகத்தில் மாட்ட வேண்டும். அதற்கென இருக்கும் சிறு பேட்டரி செத்திருந்தால் கம்பி இருந்தும் பயனில்லை.

மின்பிரேக்கின் அளவைத் தட்டையான காய்ந்த சாலையில் 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் வைத்துப் பார்த்து அமைக்கலாம். கைநெம்புகோலை முழுதும் தள்ளினால் டிரெய்லர் பலமாகப் பின்னிழுக்க வேண்டும், சக்கரம் பூட்டித் தேயக் கூடாது. கார் ஏற்றியபோது ஓர் அளவு, காலியாகப் போகும்போது அதைவிடக் குறைவு. எந்த எடைக்கு மேல் டிரெய்லரில் பிரேக் கட்டாயம் என்பது நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவைத் தாண்டினால் வேண்டும். ஆஸ்திரேலியாவில் இரண்டு டன்னைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் வேண்டும். நாம் பேசும் எடைக்கு எங்கேயானாலும் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருந்தாக வேண்டும் என்பதே என் கருத்து.

இறக்கம் தொடங்குவதற்கு முன்பே இழுவை மோடைப் போட்டு, கியரைக் குறைத்து, என்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி விடுங்கள். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்கினால் டிரெய்லரின் பிரேக் சூடேறிப் பிடி விடும். பிறகு பாரம் முழுவதும் பிக்கப்பின் தலையில்.

டயர்களைப் பற்றிச் சுருக்கமாக. டிரெய்லருக்கென்றே செய்த டயர், பக்கச்சுவரில் அச்சிட்ட உச்ச அளவுக்குக் குளிர்ந்த நிலையில் காற்று. டயர் எப்போது செய்யப்பட்டது என்று காட்டும் நான்கு இலக்கக் குறியீட்டில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. பட்டன் புதிதாகத் தெரிந்தாலும் ஐந்தாறு வருடம் ஆனவற்றை மாற்றிவிடுங்கள். நிழலில் நிற்கும் டயரும் முதுமை அடையும். பழைய வகை டிரெய்லர் டயர்கள் பல மணிக்கு 105 கிலோமீட்டர் வரைக்குமே செய்யப்பட்டவை. சக்கர நட்டுகளை முதல் 80, 100 கிலோமீட்டரில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

காரை நான்கு மூலையிலும் நான்கு பட்டைகளால் கட்டுவது குறைந்தபட்சம். இரண்டு அங்குல ராட்செட் பட்டையில் 10,000 பவுண்டு என்று பெரிதாக எழுதியிருப்பது அறுந்துபோகும் அளவு. வேலை அளவு அதில் மூன்றில் ஒன்று, 3,333 பவுண்டு. தரை வளையங்கள் வெறும் பலகையில் திருகப்பட்டிருக்கின்றனவா, கீழே இரும்புச் சட்டத்தைப் பிடித்திருக்கின்றனவா என்று டிரெய்லருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். மூடிய டிரெய்லரில் கார் நகர்ந்தால் கண்ணாடியில் தெரியாது. அதனால் கிளம்பி அரைமணி நேரத்துக்குள் நிறுத்தி, கதவைத் திறந்து, பட்டைகளைத் தொட்டுப் பார்ப்பது இங்கே கட்டாயம். அந்த நிறுத்தத்திலேயே சக்கர நடுப்பகுதிகளைக் கையால் தொட்டால், ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதிக்கிறதா என்பதும் தெரியும். அப்படியிருந்தால் பேரிங்கோ பிரேக்கோ சொல்லும் முன்னறிவிப்பு அது.

கடைசியாக, ஏற்றி இறக்கும் நேரம். கார் சரிவுப்பலகை மேல் நிற்கும் சில நொடிகளில் முழு எடையும் ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கிறது. மூக்கு மேலே எழும்பி, பிக்கப்பின் பின்புறத்தையும் தூக்கும். கை பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. அவை லேசானால் சற்றுச் சரிவான இடத்தில் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்தே உருளலாம், காருக்குள் ஆள் இருக்கும்போதே. எனவே பிக்கப்பிலிருந்து கழற்றாமல், சமதரையில், பிக்கப்பின் முன்சக்கரங்களுக்கும் டிரெய்லர் சக்கரங்களுக்கும் கட்டை வைத்து, டிரெய்லரின் பின்முனைக்குக் கீழே தாங்குகால்களை இறக்கிவிட்டு, அதன்பிறகே காரை நகர்த்துங்கள்.